யூத நண்பர் வீட்டுப் பண்டிகை விருந்தில் சிரிப்பது எப்படி?

சிங்கப்பூர்த் தமிழருக்கு யூதர்கள் அந்நியர் என்று சொல்லிவிட முடியாது. நாம்தான் கவனிக்காமல் நடந்துபோகிறோம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிச் செல்லும் பெலிலியோஸ் சாலை, அந்தக் காலத்தில் அப்பகுதியின் கால்நடை வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு யூதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து சிலிகி சாலைக்கு நடந்தால், 1924இல் எழுந்த எலிசன் கட்டடத்தின் முகப்பில் யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரத்தைப் பார்க்கலாம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயிலும், 1878இல் கட்டப்பட்ட மகேயின் அபோத் யூத வழிபாட்டுக்கூடமும் ஒரே தெருவாசிகள். ஆக்ஸ்லி ரைஸில் 1905 முதல் இருக்கும் செசெட் எல் வழிபாட்டுக்கூடமோ டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலிலிருந்து நடக்கும் தூரம். இந்த நாட்டின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை.

இப்படி அக்கம்பக்கத்தில் வாழ்ந்தும், அலுவலக நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பண்டிகை விருந்துக்கு அழைத்தவுடன் நம்மவர்கள் பெரும்பாலும் ஆசிரமத்துக்குப் போவதுபோல் போகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு, எது சடங்கு, எது வேடிக்கை என்று பிரித்தறிய முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மேசையில் அனைவரும் வெடித்துச் சிரித்து முடித்த பிறகு, இரண்டு நொடி தாமதமாக ஒரு மரியாதைப் புன்னகை புரிகிறார்கள். அழைத்தவருக்கு இதைவிடச் சங்கடம் வேறில்லை. ஏனென்றால் யூதப் பண்டிகை மேசையில் சிரிப்பு என்பது சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக வருவதில்லை, அதுவே ஒரு பதார்த்தமாகப் பரிமாறப்படுகிறது.

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள உதவுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். முதலில் அடிப்படை விதியைச் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நகைச்சுவைக்குத் தாராளமாகச் சிரியுங்கள், உங்கள் முறை வரும்போது உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

புறப்படும் முன்

எந்தப் பண்டிகை என்று கேட்டறிவது முதல் வேலை. யூத நாட்காட்டி சந்திரனை வைத்து மாதத்தை எண்ணி, பருவம் பிசகாமல் இருப்பதற்காக 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளும். ஆகையால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் இடம் மாறும். 'இந்த ஆண்டு பண்டிகை சீக்கிரமாக வந்துவிட்டது', 'இந்த ஆண்டு தாமதம்' என்று மாறி மாறி அலுத்துக்கொள்வதும், சரியான நேரத்துக்கு அது வந்ததே இல்லை என்று முடிப்பதும் அவர்களிடையே வழிவழியாக வரும் கேலி. தீபாவளியும் அப்படித்தான் என்றும், எங்கள் வீட்டில் விருந்தினர் மட்டும் மாறாமல் தாமதமாகவே வருவார்கள் என்றும் நீங்கள் பதில் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குவதால், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கே இருட்டிவிடும் சிங்கப்பூரில் 'இன்றைக்கு எப்போது மாலை?' என்ற சாக்குக்கு இடமில்லை.

பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் என்று பதில் வந்தால் பசியாற நினைத்துப் போய்விடாதீர்கள். அது ஏறத்தாழ 25 மணி நேரம் நீரும் அருந்தாத நோன்பு; அன்று குதூகலமாக வாழ்த்துச் சொல்வதும் பொருந்தாது. நோன்பு முடிந்து உண்ணும் வேளைக்கு அழைப்பு வந்திருந்தால் ஒரே ஓர் எச்சரிக்கை போதும்: பசித்தவருக்கும் தட்டுக்கும் நடுவே நின்றுகொண்டு கதை சொல்லாதீர்கள்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் வளர்ப்பு. ஆனால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கோஷர் உணவு விதியைக் கடைப்பிடிக்கும் வீட்டில் இறைச்சியும் பாற்பொருளும் ஒரே வேளையில் சேராது. கோழி உண்ட கையோடு நெய் மணக்கும் மைசூர்பாகை எடுத்து நீட்டினால், அதை அன்போடு பார்க்க மட்டுமே அவர்களால் முடியும். வீட்டில் சுட்ட முறுக்கும் உதவாது. முறுக்கில் குறையில்லை, அதைச் சுட்ட சட்டி அவர்கள் விதிக்குள் வராதது. தேக்கா சந்தையில் வாங்கிய, நறுக்காத முழு மாம்பழங்கள் எந்த வீட்டிலும் வரவேற்புப் பெறும். பூந்தொட்டியும் நன்று, ஆனால் அதைச் சூரியன் மறையும் முன்பே சேர்ப்பித்துவிட வேண்டும். இவ்வளவையும் சொன்ன பிறகு, வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது யூதர்களுக்கும் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் தட்டுகள்கூட இரண்டு அலமாரிகளில் பிரிந்திருக்கும்; இன்னொரு வீட்டில் நண்பர் உங்களை நண்டு சாப்பிட அழைத்துப் போவார். கேட்டுக்கொள்வதில் வெட்கமில்லை.

மதுவை நீங்களே எழுந்து எல்லாருக்கும் ஊற்றும் உபசார குணத்தை அன்று மட்டும் அடக்கிவைப்பது நல்லது. கட்டுப்பாடான குடும்பங்களில் திராட்சை மதுவை யார் கையாளலாம் என்பதற்கும் பழைய விதி உண்டு. ஓய்வுநாளிலும் பெரும்பண்டிகை நாள்களிலும் அவர்கள் கைப்பேசியைத் தொடமாட்டார்கள் என்பதால் நீங்களும் படம் எடுக்காமல் இருங்கள். ஆண்களிடம் தலைக்கு ஒரு சிறு குல்லாய் தருவார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பாலினரோடு கைகுலுக்காத வைதிகர் எதிர்ப்பட்டால் தடுமாற வேண்டாம். இரு கைகளையும் குவித்து வணக்கம் சொல்லும் வசதியோடு பிறந்தவர்கள் நாம்.

எண்ணெயும் எட்டு இரவுகளும்

யூதப் பண்டிகைகள் அனைத்தையும் மூன்றே வாக்கியங்களில் அடக்கிவிடும் பழைய நகைச்சுவை ஒன்று உண்டு: 'நம்மைக் கொல்லப் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டோம். வாருங்கள், சாப்பிடலாம்.' இதை மேசையில் யாரேனும் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அப்போது நீங்கள் நரகாசுரன் கதையை எடுத்துவிடலாம். எங்கள் பண்டிகையில் அசுரனைக் கொன்றுவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, காலை ஆறு மணிக்கே ஆட்டுக்கறிக் குழம்போடு இட்லி சாப்பிடத் தொடங்கிவிடுகிறோம் என்று சொன்னால், உங்கள் நாற்காலி அந்த நிமிடத்திலிருந்து விருந்தினர் நாற்காலியாக இருக்காது.

ஹனுக்காவுக்கு இந்த உரையாடல் மிகவும் பொருந்தும். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்னர், அன்னிய மன்னனை எதிர்த்து எழுந்த மக்கபேயர்கள் என்னும் யூதக் கிளர்ச்சியாளர்கள் எருசலேம் கோயிலை மீட்டபோது, ஒரு நாளுக்கு மட்டுமே போதிய எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது மரபு. அந்த எண்ணெயைக் கொண்டாடும் முறை, கையில் கிடைப்பதையெல்லாம் எண்ணெயில் போட்டுப் பொரிப்பது. உருளைக்கிழங்கைத் துருவி, பிழிந்து, தட்டிப் பொரித்த லட்கேயும், பழப்பாகு அடைத்த சுஃப்கானியா என்னும் பொரித்த பன்னும் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வோர் இரவும் ஒரு விளக்கைக் கூட்டி ஏற்றுவார்கள். மெழுகுவத்திகளை வலமிருந்து இடமாக நட்டு, புதிதாக வந்ததிலிருந்து தொடங்கி இடமிருந்து வலமாக ஏற்றுவது வழக்கம். இது எந்தப் பக்கம் என்பதில் ஆண்டுதோறும் ஒரு சிறு வாக்குவாதம் வரும், தலையிடாதீர்கள். விளக்குகள் எரியும் வேளையில் பெண்கள் வீட்டு வேலை செய்யக்கூடாது என்றும் ஒரு பழைய வழக்கம் உண்டு. தீபாவளியன்று அடுப்படியிலேயே நாளைக் கழிக்கும் நம் பெண்களிடம் இதைச் சொல்லும்போது இடம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு பம்பர விளையாட்டு வரும். டிரைடல் என்னும் அந்த நான்குமுகப் பம்பரத்தின் ஒவ்வொரு முகத்திலும் ஓர் எபிரேய எழுத்து. எல்லாரும் நடுவில் ஆளுக்கொரு சாக்லெட் நாணயம் வைப்பார்கள். கிமெல் விழுந்தால் மொத்தமும் உங்களுக்கு. ஹே விழுந்தால் பாதி. நூன் விழுந்தால் ஒன்றுமில்லை. ஷின் விழுந்தால் உங்கள் கையிலிருந்து ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். இவ்வளவுதான் விதி, திறமைக்கு வேலையே இல்லை. ஆனாலும் பம்பரம் சுற்றித் தள்ளாடிச் சாயப்போகும் அந்தக் கடைசி நொடியில், கணக்குத் தணிக்கையாளராக இருக்கும் பெரியவர் ஒருவர் மேசைமேல் குனிந்து, காற்றை ஊதி அதைத் திருப்பப் பார்ப்பார். ஏழு வயதுப் பேத்தி அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பாள். நீங்கள் உடனே பேத்தியின் கட்சியில் சேர்ந்துவிடுங்கள். குழந்தைகளிடம் ஒரு முறையாவது தோற்காத விருந்தினரை அடுத்த ஆண்டு அழைக்கமாட்டார்கள்.

நட்சத்திரங்களைச் சொந்தம் கொண்டாடும் கலை

இரண்டாவது தட்டு வந்ததும் பேச்சு நிச்சயமாகப் பிரபலங்களின் பக்கம் திரும்பும். 1994 டிசம்பரில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஆடம் சேண்ட்லர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கித்தாருடன் அமர்ந்து, ஹனுக்காவுக்கென்று ஒரு பாட்டுப் பாடினார். ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கும்போது தனித்துவிடப்பட்ட யூதச் சிறுவர்களுக்கு ஆறுதலாக, யார் யாரெல்லாம் யூதர் என்று நட்சத்திரங்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போவதுதான் அந்தப் பாட்டின் சுவை. அதில் ஹாரிசன் ஃபோர்டைக் கால்பங்கு யூதர் என்று கணக்கிட்டிருப்பார். அவருடைய தாயார் யூதர் என்பதால் உண்மையில் அரைப்பங்கு வரும். கால் என்று நினைத்தே அவ்வளவு பெருமைப்பட்டார்கள் என்பதில்தான் நகைச்சுவை இருக்கிறது.

இந்தப் பங்குக்கணக்கு நோய் நமக்கும் நன்றாகத் தெரியும். உலகின் எந்த மூலையிலாவது ஒருவர் புகழ்பெற்றால், அவருடைய பாட்டி கும்பகோணத்தில் ஒரு முறை ரயில் மாறினாரா என்று தேடும் கூட்டம் நாம். ஆகவே இந்த இடத்தில் உங்களிடம் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. கமலா ஹாரிஸின் தாயார் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்துப் பெண். கமலா துணை அதிபரானபோது திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் பூசை செய்து வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். அவருடைய கணவர் டக் எம்ஹாஃப் யூதர். அமெரிக்கத் துணை அதிபர் ஒருவரின் முதல் யூத வாழ்க்கைத்துணை. எம்ஹாஃபின் பிள்ளைகள் கமலாவை 'மோமலா' என்று அழைப்பது, யூதப் பாட்டிமார் செல்லமாகச் சொல்லும் ஒரு சொல்லை நினைவூட்டும். ஆக, அந்தக் குடும்பம் உங்களுடையதா அவர்களுடையதா என்ற வழக்கை மேசையில் வைத்தால், இனிப்பு வரும்வரை பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. இளையவர்கள் இருந்தால் 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரைக் குறிப்பிடலாம். 2020இல் தொடங்கிய அத்தொடரில் தேவி என்ற தமிழ்ப்பெண்ணுக்கு வகுப்பில் முதலிடத்துக்குப் போட்டியாக இருப்பவன் பென் என்னும் யூதப் பையன். இரண்டு வீட்டுப் பெற்றோரையும் மதிப்பெண் ஒன்றே தூங்கவிடாமல் செய்யும் என்பதை இருதரப்பும் அப்போதே ஒப்புக்கொள்ளும்.

'ஸ்டார் டிரெக்' என்னும் விண்வெளித் தொடரைப் பார்த்த மூத்தவர் ஒருவராவது இருப்பார். விரல்களை நடுவில் பிரித்து அதில் வரும் ஸ்போக் என்னும் பாத்திரம் காட்டும் அந்தக் கைச்சைகையை நடிகர் லெனர்ட் நிமாய் எங்கிருந்து எடுத்தார் தெரியுமா என்று அவர் கேட்டால், தெரிந்தாலும் தெரியாது என்று சொல்லுங்கள்; அந்தக் கதையைச் சொல்வதில் அவருக்கு இருக்கும் இன்பத்தைக் கெடுக்கக்கூடாது. சிறுவனாக நிமாய் பாஸ்டனில் வழிபாட்டுக்கூடத்துக்குப் போனபோது, குருமார் வம்சத்தவர் ஆசி வழங்கும் வேளையில் யாரும் பார்க்கக்கூடாது என்று கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். அந்தக் கை அமைப்புதான் பிற்காலத்தில் வேற்றுக்கிரக வணக்கமாக உலகம் முழுதும் பரவியது. கண்ணை மூடு என்றால் மூடாத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் கிடையாது.

பேஸ்பால் நமக்குப் புரியாத ஆட்டம். ஆனால் சாண்டி கோஃபாக்ஸ் கதையைத் தெரிந்துகொண்டு போவது பயன்படும். 1965 அக்டோபர் 6ஆம் தேதி, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் முதல் ஆட்டம். அன்று யோம் கிப்பூர் என்பதால் டாட்ஜர்ஸ் அணியின் தலைசிறந்த பந்து வீச்சாளரான அவர் ஆட வரவில்லை. அவருக்குப் பதிலாக வீசிய டான் டிரைஸ்டேல் நையப்புடைக்கப்பட்டார். ஆட்டம் 8க்கு 2 என்று போயிற்று. தம்மை மாற்றுவதற்காகத் திடலுக்குள் நடந்துவந்த மேலாளரிடம், 'நானும் யூதனாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைக்கிறீர்கள், இல்லையா?' என்று டிரைஸ்டேல் கேட்டதாகச் சொல்வார்கள். கோஃபாக்ஸ் திரும்பி வந்து, ஏழாவது ஆட்டத்தில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் தராமல் கோப்பையை வென்று கொடுத்தார். யூதத் தாய்மார் அறுபது ஆண்டுகளாக இந்தக் கதையை, பண்டிகைக்கு விடுப்பு எடுக்கத் தயங்கும் மகன்களின் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

'சைன்ஃபெல்ட்' என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 1997இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய ஃபெஸ்டிவஸ் என்னும் போலிப் பண்டிகையையும் விட்டுவிடமாட்டார்கள். டிசம்பர் 23ஆம் தேதி, அலங்காரமில்லாத ஓர் அலுமினியக் கம்பத்தை நட்டு, குடும்பத்தினர் சுற்றி அமர்ந்து ஒருவர் மேல் ஒருவர் ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்த குறைகளைக் கொட்டுவது அதன் சடங்கு. எங்கள் வீட்டில் கம்பம் இல்லாமலே தீபாவளி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இது நடக்கிறது என்று சொல்லுங்கள். போதும்.

பாஸ்கா: பசியோடு போகாதீர்கள்

எல்லாப் பண்டிகைகளிலும் விருந்தினருக்கு அதிக முன்னேற்பாடு தேவைப்படுவது பெசாக் எனப்படும் பாஸ்காதான். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்ட கதையை ஹகாதா என்னும் ஏட்டைப் பார்த்து மேசையிலேயே வாசித்து, பாடி, வாதிட்டு முடிப்பார்கள். அதற்கு இரவு உணவுக்கு முன்னரே ஒரு மணி நேரம் போய்விடும். உற்சாகமான குடும்பமாக இருந்தால் இரண்டு மணி நேரமும் ஆகலாம். நம் கல்யாண வீடுகளில் இலை போடுவதற்கு முன் இவ்வளவு நேரம் பேசியிருந்தால் சம்பந்தம் முறிந்திருக்கும். ஆகவே வீட்டில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஒருவர் மெல்ல உங்களிடம் குனிந்து 'சாப்பாடு எத்தனையாவது பக்கத்தில் வருகிறது?' என்று கேட்டால் அது அவமரியாதை இல்லை, தலைமுறை தலைமுறையாக வரும் கேள்வி.

அந்த ஏட்டுக்கும் ஒரு வேடிக்கை வரலாறு உண்டு. ஐரோப்பிய வழி யூதர்கள் பாஸ்காவில் பயறு வகைகளைத் தவிர்ப்பார்கள் என்பதால், காப்பிக்கொட்டையும் பயறுதானோ என்று அமெரிக்காவில் சிலருக்கு ஐயம் எழுந்தது. விற்பனை படுத்துவிடுமே என்று கவலைப்பட்ட மேக்ஸ்வெல் ஹவுஸ் நிறுவனம், காப்பி ஒரு பழத்தின் விதை என்று விளம்பரம் செய்ததோடு நிற்காமல், 1932இலிருந்து காப்பி வாங்குவோருக்கு ஹகாதாவையே இலவசமாக அச்சிட்டுக் கொடுக்கத் தொடங்கியது. 2009இல் ஒபாமா வெள்ளை மாளிகையில் நடத்திய பாஸ்கா விருந்திலும் அந்தக் காப்பிக் கம்பெனி ஏடுதான். நகைக்கடை கொடுத்த முருகன் படத்தைச் சட்டம் போட்டுச் சாமி அறையில் மாட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேசையில் புளிக்காத அப்பமான மாட்சா இருக்கும். மாவில் நீர் பட்ட நொடியிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டெடுத்துவிட வேண்டும் என்பது அதன் விதி. அதைத் தாண்டினால் புளித்ததாகக் கணக்கு. சப்பாத்தி மாவை ஈரத்துணி போட்டு அரைமணி ஊறவைக்கும் நம் பாட்டிமாருக்கு அந்தச் சமையலறையில் வேலை கிடைக்காது. மாட்சாவை உடைத்தால் மேசையெங்கும் பொடி சிதறும், வாயில் போட்டால் மெல்லும் சத்தத்தில் அடுத்தவர் பேச்சு கேட்காது, எட்டு நாள் சாப்பிட்டால் வயிறு வேலைநிறுத்தம் செய்யும். இதை வைத்து அவர்கள் சொல்லும் நகைச்சுவைகள் ஏராளம், பெரும்பாலானவை அச்சேற்ற முடியாதவை. நீங்கள் 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். நம்பமாட்டார்கள். 'அப்பளம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்' என்று சொல்லிப் பெருமூச்சு விட்டால் சரியாக இருக்கும். ஒரு நல்ல செய்தி: பாக்தாத் வழி வந்த சிங்கப்பூர்க் குடும்பங்களில் பாஸ்காவிலும் சோறு உண்டு.

வாசிப்பின்போது, மேசையில் வயதில் மிக இளையவர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். கதையில் நான்கு பிள்ளைகளும் வருவார்கள்: அறிவாளி, துடுக்கன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். அந்த நாலாவது பிள்ளை வரும்போது எல்லார் பார்வையும் உங்கள் மேல் விழுவது சகஜம். நீங்களே முந்திக்கொண்டு கையைத் தூக்கிவிடுங்கள். பாக்தாத் வழக்கப்படி ஒரு குழந்தை மாட்சா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்க, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள். எகிப்திலிருந்து என்று பதில் வரும். எங்கே போகிறாய், எருசலேமுக்கு. அந்தச் சிறு நாடகத்தில் ஒரு குழந்தை நிச்சயமாக 'தோ பாயோவுக்கு' என்பது போல் ஏதாவது சொல்லிக் குழப்பும், அதற்குத்தான் எல்லாரும் காத்திருக்கிறார்கள். கசப்புக்கீரைக்குப் பதிலாக ஐரோப்பிய வழி வீடுகளில் காரமான ஒரு கிழங்கைத் துருவி வைப்பார்கள். நம்மவர் மிளகாய் வீரத்தை நம்பி ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக்கொள்ளக்கூடாது. அந்தக் காரம் நாக்கைத் தொடாமல் நேரே மூக்கு வழியாக மூளைக்குப் போகும். உணவுக்குப் பிறகு எலியா தீர்க்கதரிசி வருவதற்காக வாசற்கதவைத் திறப்பார்கள். வீவக வீடென்றால் அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி குப்பை கொட்ட வெளியே வருவார், அவரையும் வரவேற்றுவிடலாம்.

பூரிம் பண்டிகைக்கு இவ்வளவு படிப்பு வேண்டாம். மாறுவேடம் போட்டுக்கொண்டு போங்கள்; எஸ்தர் கதையை வாசிக்கும்போது வில்லன் ஆமானின் பெயர் வரும் 54 இடங்களிலும் கிலுகிலுப்பையைச் சுழற்றி, காலைத் தரையில் உதைத்து இரைச்சலிடுங்கள். முதல் நாள் முதல் காட்சி பார்த்த அனுபவம் உள்ளவருக்குப் பயிற்சியே தேவையில்லை. குடில் பண்டிகையான சுக்கோத்துக்கு அழைத்தால் குடை அவசியம். ஏழு நாள் குடிலில் உணவருந்த வேண்டும். இலை தழைக் கூரையின் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும். அதே இடுக்கு வழியே சிங்கப்பூர் மழையும் உள்ளே வரும். கூழ் கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாம் என்று மிஷ்னா என்னும் பழைய சட்டநூல் அனுமதிக்கிறது. அதோடு ஓர் உவமையும் சொல்கிறது: தலைவனுக்குக் கிண்ணத்தில் ஊற்றித் தர வந்த வேலைக்காரன் முகத்திலேயே தலைவன் செம்பைக் கவிழ்த்தது போலாம். கடவுள் சேவைக்கு வந்த இடத்தில் கடவுளே தண்ணீரை ஊற்றிவிட்டார் என்று சட்டநூலிலேயே எழுதிவைத்த சமூகத்திடம் நகைச்சுவை உணர்வைத் தேடி அலைய வேண்டியதில்லை.

உங்கள் முறை வரும்போது

ஒரு கட்டத்தில் அனைவரும் உங்களைப் பார்ப்பார்கள். அப்போது கையாளத்தக்க உத்தி, அவர்கள் வடிவத்தில் உங்கள் சரக்கை ஊற்றுவது. யூதர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. ஆளில்லாத் தீவில் பல ஆண்டுகள் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவர் இரண்டு வழிபாட்டுக்கூடங்கள் கட்டியிருந்தார். மீட்க வந்தவர்கள் எதற்கு இரண்டு என்று கேட்டபோது, 'இது நான் தொழும் இடம். அந்த இன்னொன்றில் நான் காலடி எடுத்துவைக்கமாட்டேன்' என்றாராம். இதை அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அந்தத் தீவில் தமிழர் ஒருவர் ஒதுங்கியிருந்தால் இரண்டு சங்கங்கள் இருந்திருக்கும், இரண்டுக்கும் அவரே தலைவர், பொங்கல் விழாவை ஒரே நாளில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வைத்திருப்பார் என்று சொல்லுங்கள். அல்லது தீபாவளிக்கு அம்மா இரண்டு சட்டை எடுத்துக் கொடுத்த கதையைச் சொல்லலாம்: நீலத்தைப் போட்டுக்கொண்டு ஆசி வாங்கப் போனால், 'ஏன், பச்சை பிடிக்கலையா?' என்று கேட்பார். உடனே யாராவது ஒருவர், அது எங்கள் அம்மா கதை, சட்டைக்குப் பதில் கழுத்துப்பட்டை என்று கூச்சலிடுவார். அந்தக் கூச்சல்தான் நீங்கள் வாங்கவேண்டிய பரிசு.

பட்டிமன்றத்தைப் பற்றியும் சொல்லலாம். இரண்டு யூதர் இருந்தால் மூன்று கருத்து என்று பெருமையடிப்பவர்களிடம், நாங்கள் பண்டிகைக் காலையில் குளித்துப் புத்தாடை உடுத்தித் தொலைக்காட்சி முன் அமர்ந்து இரு அணிகள் சண்டை போடுவதை ஒரு நிகழ்ச்சியாகவே பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். பல்லாண்டுகள் அதற்கு நடுவராக இருந்து புகழ்பெற்றவர் மதுரைப் பேராசிரியர். அவர் பெயர் சாலமன் பாப்பையா. ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் உரிமை கொண்டாடிய வழக்கைத் தீர்த்த சாலமன் மன்னரின் வம்சத்தாரிடம் இந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் தண்ணீர் குடியுங்கள்.

தவிர்க்க வேண்டியவற்றில் பணம், கஞ்சத்தனம், மூக்கு ஆகியவற்றைப் பற்றிய கேலிகளை நீங்களே அறிவீர்கள். இனப்படுகொலையைப் பற்றியும், மத்தியக் கிழக்கின் அன்றைய செய்தியைப் பற்றியும் வேடிக்கை பேசக்கூடாது என்பதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பாராட்டு என்று நினைத்து நம்மவர் அடிக்கடி சொல்லும் ஒன்று இருக்கிறது: 'ஹாலிவுட்டே உங்கள் கையில்தானே!' நட்சத்திரப் பட்டியலை அவர்களே பாடும்போது அது வேடிக்கை. வெளியிலிருந்து ஒருவர் அதையே உரிமைப் பத்திரமாக நீட்டும்போது, உலகையே அவர்கள் ஆட்டிவைக்கிறார்கள் என்ற பழைய அவதூறின் வாடை அடிக்கும். இதை உணர நமக்கு வேறு எங்கும் போக வேண்டாம். 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் வரும் இந்தியக் கடைக்காரர் அப்புவின் பேச்சைக் கேட்டு நாம் நெளிந்திருக்கிறோம். அந்தக் குரலைக் கொடுத்த ஹேங்க் அசாரியா யூதக் குடும்பத்தவர். 2020இல் அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார், மறு ஆண்டு வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். சிங்கப்பூரில் இதற்கு மேல் 1990இல் இயற்றப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் வரை போகவேண்டிய நகைச்சுவை எப்படியும் மேசையில் எடுபட்டிருக்காது.

விடைபெறுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். மற்றவர்கள் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள், யூதர்கள் சொல்லிவிட்டும் கிளம்பமாட்டார்கள் என்று அவர்களே சொல்வதுண்டு. நாற்காலியில் ஒரு முறை, செருப்பு மாட்டும்போது ஒரு முறை, மின்தூக்கிக் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு ஒரு முறை என்று மூன்று தவணையாக விடைபெறும் நம் வழக்கத்துக்கு அங்கே எதிர்ப்பு இருக்காது. மீந்த உணவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த தீபாவளிக்கு அவர்களை நீங்கள் அழைத்தாக வேண்டும். வெள்ளி மாலையும் சனி பகலும் அவர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். கோஷர் விதியைக் கறாராகப் பின்பற்றுபவர் என்றால், முழுப் பழங்களையும் முத்திரையிட்ட பானங்களையும் புதிய காகிதத் தட்டில் வையுங்கள். மற்றவற்றை அவர் தொடவில்லை என்று உங்கள் அம்மா மனம் வருந்தாமல் இருக்க முன்னாலேயே சொல்லிவையுங்கள். சொன்னாலும் அம்மா, 'ஒரே ஒரு முறுக்கு, அது என்ன செய்துவிடப் போகிறது?' என்று நீட்டத்தான் செய்வார். உங்கள் நண்பர் அப்போது அவரைச் சமாளிக்கும் விதத்தைக் கவனியுங்கள். அவருக்கு வீட்டில் நிறையப் பயிற்சி இருக்கும்.